மூன்று சேக்காளிகள், ஒரு முப்பந்தல் இரவு: பேய்க்கதை எழுத்தாளரைப் பற்றிய நினைவுகளை எப்படித் தொகுப்பது?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவர் ஊரில் 1970களின் பிற்பாதியிலிருந்து நெடுநாள் வார, மாத இதழ்களில் பேய்க்கதை எழுதிய ஒருவர் காலமாகிவிட்டார். நினைவு மலர் போடுகிறார்கள். எழுத்தாளரின் சேக்காளிகள் மூன்று பேர் இருக்கிறார்கள், மூவருக்கும் எழுபதுக்கு மேல். 1978இல் திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது நடுராத்திரி முப்பந்தலில் பஸ் பழுதாகி நின்றதாம். எழுத்தாளர் இசக்கியம்மன் கோயில் பக்கம் உட்கார்ந்து, விடிவதற்குள் தன் மிகப் பேர்போன கதையை ஒரே மூச்சில் எழுதி முடித்தாராம். மூவரும் "நான் பக்கத்திலேயே இருந்தேன்" என்கிறார்கள். ஆனால் ஒருவர் சொல்வதில் மற்ற இருவருக்கும் இடமில்லை. எழுத்தாளரின் மனைவியோ அப்படி ஒரு ராத்திரியே கிடையாது, அந்தக் கதையை வீட்டுத் திண்ணையில் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினார் என்கிறார். யாரை நம்பி அச்சடிப்பது? அமெரிக்கப் பேய்க்கதை எழுத்தாளர் லவ்கிராஃப்டின் நண்பர்களும் இப்படி முரண்பட்டார்களாமே, அங்கே எப்படித் தீர்த்தார்கள்?

யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வழி கேட்பதுபோல இது தெரிந்தாலும், உங்களுக்கு உண்மையில் வேண்டியது வேறு. மூன்று பெரியவர்களையும் ஒரு விதவையையும் புண்படுத்தாமல், படிப்பவரையும் ஏமாற்றாமல், எதை எப்படி அச்சில் ஏற்றுவது என்பதுதான் உங்கள் கவலை. நால்வருமே மனசறிந்து பொய் சொல்லாதவர்களாக இருக்கலாம், அப்படி இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாய்மொழி வரலாற்றுப் பதிவில் பயிற்சியுள்ள யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

நினைவு எப்படி மாறும் என்பதற்கு மிகப் பழைய, மிகப் பொருத்தமான சோதனை ஒரு பேய்க்கதையை வைத்தே நடந்தது. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வில், வட அமெரிக்கப் பழங்குடியினரின் பேய்ப்போர்க் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்து, பிறகு நாட்கள், மாதங்கள் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது. சிறு வள்ளம் படகாகியது, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாகியது. பலருடைய சொல்லலில் பேய்களே காணாமல் போயின, ஏனென்றால் பேய்கள் அந்தக் கதையில் ஏன் வருகின்றன என்பது கேட்டவர்களுக்குப் பிடிபடவில்லை. தங்களுக்குப் புரிந்த உலகத்துக்கு ஏற்றபடி கதையைச் செப்பனிட்டார்கள், செப்பனிட்டதை அறியாமலே. நம் மாவட்டத்தில் இது நேர் எதிர்த் திசையில் நடக்கும். கள்ளியங்காட்டு நீலி என்ற பேய்ப்பெண்ணையும் சுடலைமாடனையும் வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்தவருக்குப் பேய் புரியாத பொருள் இல்லை. அதனால் பேய் இல்லாத சம்பவத்திலும் அது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

உறுதியாகச் சொல்வதற்கும் சரியாகச் சொல்வதற்கும் தொடர்பு குறைவு. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அந்தச் செய்தியை எங்கே, யாரிடமிருந்து கேட்டீர்கள் என்று அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் எழுதி வாங்கினார்கள். இரண்டரை வருடத்துக்குப் பிறகு 44 பேரை மறுபடி கேட்டபோது, அவர்களில் 11 பேர் முக்கிய விவரம் ஒவ்வொன்றையும் தவறாகச் சொன்னார்கள். அவர்களிலும் பலர் மிகுந்த உறுதியோடு சொன்னார்கள். தங்கள் கையெழுத்தையே காட்டியபோதும் பழைய நினைவு திரும்பி வரவில்லை. ஆகவே "எனக்கு நல்லா ஓர்மை உண்டு, நேத்து நடந்த மாதிரி இருக்கு" என்று உங்கள் பெரியவர் சொன்னால், அதை அவருடைய உணர்ச்சிக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். சம்பவத்துக்குச் சான்று வேறு இடத்தில் தேட வேண்டும்.

மூவரும் "நானும் இருந்தேன்" என்பதற்கு விளக்கம் இன்னொரு சோதனையில் இருக்கிறது. 2003இல் ஃபியோனா காபர்ட்டும் உடன் பணிபுரிந்தவர்களும் இரண்டிரண்டு பேருக்கு ஒரே சம்பவத்தின் படத்தை வெவ்வேறு கோணத்தில் காட்டினார்கள். இருவரும் ஒரே படத்தைத்தான் பார்த்ததாக நினைத்தார்கள். பார்த்தபின் பேசிக்கொள்ள விட்டு, தனித்தனியே எழுதச் சொன்னபோது, பேசிக்கொண்டவர்களில் 71 சதவீதம் பேர் தாங்கள் பார்த்தே இராத ஒரு விவரத்தையாவது பார்த்ததாக எழுதினார்கள். இது சில நிமிடப் பேச்சின் விளைவு. நாற்பது வருடம் சாயாக்கடையிலும் கல்யாண வீட்டிலும் துட்டி வீட்டிலும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும் மூன்று சேக்காளிகளிடம், யாருடைய கண் பார்த்தது, யாருடைய காது கேட்டது என்ற எல்லை அழிந்துபோயிருக்கும். ஒருவேளை அந்த இரவில் ஒருவர் மட்டும் கூட இருந்திருக்கலாம். எழுத்தாளரே தன் வாயால் மூவருக்கும் சொல்லியிருக்கவும் கூடும். கதை எழுதுகிறவர்கள் தங்கள் கதை பிறந்த கதையையும் கொஞ்சம் எழுதித்தான் வைப்பார்கள்.

இனி லவ்கிராஃப்ட். ஹோவர்ட் ஃபிலிப்ஸ் லவ்கிராஃப்ட் 1890 ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்து, 1937 மார்ச் 15 அன்று 46 வயதில் அங்கேயே இறந்தார். வாழும்போது அவ்வளவாகப் புகழ் இல்லை, கதைகள் பெரும்பாலும் மலிவு விலை இதழ்களில் வந்தன. செத்த பிறகு நண்பர்கள் எழுதிய நினைவுகளும் அவரை உலகுக்கு அறிமுகப்படுத்தின. அவற்றிலிருந்து திரண்ட உருவம் இருட்டறையில் முடங்கி, ராத்திரி மட்டும் வெளியே வருகிற ஒரு விசித்திர மனிதர். கதைகளுக்கு மிகவும் பொருந்துகிற உருவம். ஆனால் அவர் எழுதிய பல்லாயிரம் கடிதங்கள் வெளியே வர வர வேறொரு ஆள் தெரிந்தார். 1930இல் கனடாவின் கியூபெக், 1931இல் ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட், 1932இல் நியூ ஆர்லியன்ஸ் என்று கையில் காசில்லாமல் பெரும்பாலும் பஸ்ஸில் ஊர் ஊராகச் சுற்றியவர், நண்பர்கள் வீட்டில் வாரக்கணக்கில் தங்கியவர், ஐஸ்கிரீம் பைத்தியம் பிடித்தவர். இளமையில் சில வருடம் வீட்டுக்குள் முடங்கியது உண்மை. அந்தச் சில வருடத்தை நினைவு ஆயுள் முழுவதுக்கும் இழுத்துவிட்டது.

அந்த 1932 பயணத்தில்தான் சக எழுத்தாளர் ஹாஃப்மன் பிரைஸை அவர் முதன்முறை நேரில் சந்தித்தார். இருவரும் ஒரு நாளுக்கு மேல் இடைவிடாமல் பேசினார்கள் என்பது பிரைஸின் நினைவிலும் இருக்கிறது, லவ்கிராஃப்டின் அப்போதைய கடிதத்திலும் இருக்கிறது. எத்தனை மணி நேரம் என்பதில்தான் வித்தியாசம். இதுமாதிரி வித்தியாசம் நினைவுக்கு இயல்பானது, சந்திப்பின் உண்மையை அது அசைக்காது. அதே சந்திப்போடு ஒட்டிக்கொண்ட இன்னொரு கதையும் உண்டு. பிரைஸ் அவரை ஒரு விலைமாதர் வீட்டுக்குக் கூட்டிப்போனதாகவும், அங்கிருந்த பெண்கள் அவர் எழுதிய இதழின் வாசகிகளாக இருந்ததாகவும் சொல்வார்கள். அது சீபரி குவின் என்ற வேறொரு எழுத்தாளரைப் பற்றிச் சொல்லப்பட்டது, பிற்பாடு லவ்கிராஃப்ட் மேல் ஏறியது. பெயர் பெரிதாகிற பக்கம் கதை நகரும். உங்கள் முப்பந்தல் இரவு வேறு யாருக்காவது நடந்ததாக முன்பு சொல்லப்பட்டதா என்று, அதே காலத்தில் எழுதிய மற்றவர்களின் குடும்பங்களிலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஃபார்னீஸ் விவகாரம். தன் கதைகள் அனைத்துக்கும் அடிப்படை இதுதான் என்று லவ்கிராஃப்ட் சொன்னதாக ஒரு மேற்கோள் பல பத்தாண்டுகள் புத்தகம் புத்தகமாக அச்சானது. ஒரு காலத்தில் பூமியில் வேறோர் இனம் வாழ்ந்தது, சூனியம் செய்ததால் துரத்தப்பட்டது, திரும்பிவரக் காத்திருக்கிறது என்பது அதன் சாரம். அதைப் பரப்பியவர் ஆகஸ்ட் டெர்லெத். லவ்கிராஃப்டின் எழுத்தைக் காப்பாற்றவே 1939இல் டொனால்ட் வாண்ட்ரெய்யுடன் சேர்ந்து பதிப்பகம் தொடங்கியவர், பத்து வருடத்துக்கு மேல் கடிதத் தொடர்பில் இருந்தவர், ஆனால் ஒருமுறைகூட நேரில் பார்க்காதவர். மேற்கோள் அவருக்குக் கிடைத்தது ஹெரால்ட் ஃபார்னீஸ் என்ற இசையமைப்பாளரிடமிருந்து. லவ்கிராஃப்ட் தனக்கு எழுதியதை ஃபார்னீஸ் தன் ஞாபகத்திலிருந்து, தன் சொற்களில், மேற்கோள் குறிக்குள் போட்டு டெர்லெத்துக்கு அனுப்பினார். 1980களில் ஆய்வாளர் டேவிட் ஷுல்ட்ஸ் தடம் பிடித்துப் போனபோது, லவ்கிராஃப்ட் ஃபார்னீஸுக்கு எழுதிய கடிதங்களில் அந்த வாசகமே இல்லை. 1927 ஜூலையில் ஓர் இதழாசிரியருக்கு லவ்கிராஃப்ட் எழுதிய கடிதத்தில் இருப்பது ஏறக்குறைய எதிரான கருத்து: மனிதனின் சட்டங்களுக்கும் ஆசைகளுக்கும் உணர்ச்சிகளுக்கும் இந்தப் பேரண்டத்தில் எந்த மதிப்பும் இல்லை என்பதே தன் கதைகளின் அடித்தளம் என்கிறார். சூனியம், துரத்தல், நல்லது கெட்டதின் போர் என்ற சட்டகம் ஃபார்னீஸுக்குப் பழக்கமானது. ஞாபகம் அதற்குள் கொண்டுபோய் லவ்கிராஃப்டை அடைத்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு மேற்கோள் குறி மட்டும் தப்பான இடத்தில் விழுந்தது, ஏறக்குறைய ஐம்பது வருடம் வாசகர்கள் ஒரு எழுத்தாளரைத் தலைகீழாகப் படித்தார்கள்.

காலம் தள்ளி எழுதுவது தனிச் சிக்கல். ஃபிராங்க் பெல்க்னாப் லாங் மிக நெருங்கிய நண்பர், நியூயார்க்கில் அடிக்கடி உடனிருந்தவர். ஆனால் அவருடைய நினைவுப் புத்தகம் வந்தது 1975இல், 38 வருடம் கழித்து, அவருடைய எழுபதுகளில். அதில் வரும் உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் அவர் நினைவு வைத்திருக்க வழியில்லை. ராபர்ட் பார்லோ விஷயம் இதற்கு நேர்மாறு. 1934 கோடையில் லவ்கிராஃப்ட் ஃபுளோரிடாவில் அவர் வீட்டில் பல வாரம் தங்கியபோது, பதினாறு வயதுப் பையனான பார்லோ அப்போதைக்கப்போது குறிப்பு எழுதிவைத்தார். பத்து வருடம் கழித்து ஒரு நினைவுக் கட்டுரையும் எழுதினார். ஒரே மனிதரின் உடனடிக் குறிப்பும் பிந்தைய நினைவும் பக்கத்தில் பக்கத்தில் கிடைப்பது அரிது. உங்கள் மூவரில் யாரிடமாவது பழைய டைரியோ, கணக்கு நோட்டோ, கடிதத்தின் ஓரத்தில் கிறுக்கியதோ இருக்கிறதா என்று அவசியம் கேளுங்கள். நாலு வரியானாலும் அதற்குத்தான் முதல் மதிப்பு.

மனைவி சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்கும் அங்கே முன்மாதிரி உண்டு. சோனியா கிரீன் 1924 மார்ச் 3 அன்று நியூயார்க்கில் லவ்கிராஃப்டை மணந்தார், அடுத்த வருடத் தொடக்கத்திலேயே வேலைக்காக வெளியூர் போக வேண்டிவந்தது, 1926இல் லவ்கிராஃப்ட் பிராவிடன்ஸுக்குத் திரும்பிவிட்டார். சோனியாவின் நினைவுக்குறிப்பு 1948இல் வேறொருவர் கைவைத்துத் திருத்தியபின் வெளிவந்தது. அவருக்கு லவ்கிராஃப்ட் எழுதிய கடிதங்களை அவரே எரித்துவிட்டார். நல்லவேளை, அதே காலத்தில் லவ்கிராஃப்ட் தன் அத்தைகளுக்கு எழுதிய நீண்ட கடிதங்கள் பிழைத்தன, அன்றாடச் செலவு வரைக்கும் அதில் இருக்கிறது. ஆனால் கடிதத்தையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. கல்யாணம் செய்ததை அத்தைக்கு எழுதித் தெரிவித்ததே கல்யாணம் முடிந்து ஆறு நாள் கழித்துத்தான். சமகாலச் சான்று மறதியிலிருந்து தப்பியது என்று மட்டுமே சொல்லலாம். மறைப்பிலிருந்து தப்பியது என்று சொல்ல முடியாது.

இதையெல்லாம் சொல்லி நண்பர்களின் நினைவுகளைத் தள்ளிவைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1927இல் வாண்ட்ரெய், ஜேம்ஸ் மோர்ட்டன், லவ்கிராஃப்ட் மூவரும் ரோட் ஐலண்டின் வாரன் என்ற ஊரில் ஒரு கடைக்குப் போய் அன்று கிடைத்த 28 வகை ஐஸ்கிரீமையும் பங்குபோட்டுத் தின்றார்கள். இது நண்பரின் நினைவிலும் வருகிறது, லவ்கிராஃப்டின் கடிதத்திலும் வருகிறது. இந்த மாதிரி நினைவை நான் ஏன் அதிகம் நம்புவேன் என்றால், பேய்க்கதைக்காரர் என்ற பிம்பத்துக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. பேய்க்கதை எழுதியவர் என்றாலே மக்கள் அவரை அவருடைய கதைக்குள் தூக்கி உட்காரவைப்பார்கள். ஆகவே அவர் எழுதிய கதை போலவே இருக்கிற நினைவைக் கடைசியில் நம்புங்கள், கதைக்கு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கிற நினைவை முதலில் பதிவு செய்யுங்கள். இது நிரூபிக்கப்பட்ட விதி இல்லை, வேலை செய்யும்போது கைகொடுக்கும் கணிப்பு.

நம் ஊரில் இதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. ராத்திரி ஒற்றையடிப் பாதையில் ஒரு பெண் வந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டாள், எழுத்தாளர் பதில் சொல்லாமல் நடந்தார், திரும்பிப் பார்த்தபோது ஆள் இல்லை என்று ஒருவர் சொன்னால், அது நீலி கதையிலிருந்தும் யட்சி கதைகளிலிருந்தும் நேராக வருகிற துண்டு. மரத்தில் ஆணி அறைவது, பனையின் அடியில் மயிரும் நகமும் கிடப்பது, ஒத்த வெளிச்சம் கூடவே வருவது எல்லாம் இந்த இனம்தான். இவற்றை வெட்டி எறியாதீர்கள். எழுத்தாளர் எந்த மண்ணில் நின்று எழுதினார் என்பதற்கு இவை நல்ல சான்று. மலரில் அவற்றுக்குத் தனி இடம் கொடுங்கள், வாழ்க்கைச் சம்பவங்களின் வரிசையில் மட்டும் சேர்க்காதீர்கள்.

முப்பந்தல் இரவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நீங்கள் எழுதியிருப்பதில் ஒருவர், "தலைக்கு மேல காத்தாடி சுத்துற சத்தம், ஊய் ஊய்னு" என்கிறார். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதியில் காற்றாலைகள் எழுந்தது 1980களின் பிற்பகுதிக்குப் பிறகுதான். 1978இல் அங்கே அந்தச் சத்தம் இருந்திருக்காது, கணவாய்க் காற்று மட்டும்தான். இன்னொருவர் "நேசமணி பஸ்ஸு" என்கிறார். நேசமணி போக்குவரத்துக் கழகம் 1983இல் ஏற்பட்டது, 1997இல் பெயர் போயிற்று. 1978இல் அது கட்டபொம்மன் கழகம். இந்த இரண்டையும் வைத்து ஆளைப் பிடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பஸ் பெயரைப் பின்னாளில் பழகிய பெயரால் சொல்வது எல்லோரும் செய்வதுதான், அதில் எடை குறைவு. காற்றாலைச் சத்தம் அப்படியில்லை, அது புலனில் பதிந்த விவரம். ஒன்று, சம்பவம் பத்துப் பன்னிரண்டு வருடம் பிந்தியது. இல்லையென்றால், பின்னாளில் பலமுறை அந்த வழியாகப் போன காட்சி பழைய இரவின் மேல் படிந்துவிட்டது. எது என்பதைக் கதை அச்சான இதழின் தேதி சொல்லிவிடும். இதழ் 1979 என்றால் காற்றாலை பின்னால் ஒட்டியது. 1990 என்றால் 1978 என்ற வருடமே தப்பு, மனைவி மறுப்பதும் வேறு வருடத்தை மனதில் வைத்து இருக்கலாம்.

இனிச் செய்முறை. மூவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேட்டி எடுக்காதீர்கள். தனித்தனியாக, அவரவர் வீட்டில், ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி. பக்கத்தில் மகனோ பேரனோ உட்கார்ந்து "பாட்டா, அந்த ஆணி அடிச்ச கதையைச் சொல்லுங்க" என்று எடுத்துக்கொடுத்தால் அந்தப் பதிவு கெட்டது. பையப் பேசி அவர்களைத் திண்ணைக்கு அனுப்பிவிடுங்கள். தொடக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: "அவரை முதல்ல எப்போ பார்த்தீங்க அண்ணாச்சி, அதிலேருந்து சொல்லுங்க." பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் நிறுத்தினாலும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் பத்து எண்ணும் வரை பொறுங்கள், பெரும்பாலும் நல்ல விவரம் அந்த மௌனத்துக்குப் பின்னால்தான் வரும். "ராத்திரி சுடுகாட்டுல உக்காந்து எழுதுவாராமே?" என்று கேட்டால், அந்தக் காட்சியை நீங்களே அவருக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். "எங்க உக்காந்து எழுதுவாரு?" என்பது போதும். 1974இல் எலிசபெத் லாஃப்டஸ் நடத்திய சோதனையில், கார்கள் "இடித்தபோது" என்பதற்குப் பதில் "நொறுங்க மோதியபோது" என்று வினைச்சொல்லை மட்டும் மாற்றியதிலேயே, வேகம் கூடுதலாகத் தெரிந்தது, இல்லாத உடைந்த கண்ணாடியை ஒரு வாரம் கழித்துப் பார்த்ததாகச் சொன்னவர்களும் கூடினார்கள்.

முதல் சொல்லல் முடிந்தபின், ஒவ்வொரு விவரத்துக்கும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்: நீங்கள் கண்ணால் பார்த்ததா, அவர் சொன்னதா, வேறொருவர் சொன்னதா, எங்காவது படித்ததா. எழுத்துப்படியின் ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் போடுங்கள். இதைக் கேட்கும்போது பலர் தாமாகவே "இல்ல, அது அவன் சொல்லிக் கேட்டது" என்று திருத்திக்கொள்வார்கள். உங்கள் சிக்கலில் பாதி இந்த ஒரு கேள்வியில் அவிழ வாய்ப்பு உண்டு. பழைய போட்டோக்களை இதற்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். முதலிலேயே காட்டினால் போட்டோவில் இருப்பது நினைவாகிவிடும். இரண்டு வாரம் கழித்து மறுபடி போய், அதே இரவைக் கடைசியிலிருந்து முன்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள்: வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியது, அதற்கு முன் பஸ், அதற்கு முன் முப்பந்தல். பலமுறை சொல்லி மெருகேறிய கதை தலைகீழாக வராது, தடுக்கும். தடுக்கிற இடத்தில் மெருகுக்கு அடியில் உள்ள சில்லறை விவரம் வெளியே வரும். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இதனால் விவரம் கூடும், அதோடு தப்பான விவரமும் கொஞ்சம் சேர்ந்து வரும்.

பதிவுக்குப் போனே போதும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, பேசுபவரிடமிருந்து ஒரு முழம் தள்ளி, மடித்த துண்டின் மேல் வையுங்கள், மேசையில் நேராக வைத்தால் தட்டுகிற சத்தமெல்லாம் ஏறும். மின்விசிறியை நிறுத்துங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர், கேட்பவர் பெயர்களைச் சொல்லுங்கள். மூலப் பதிவில் கை வைக்காதீர்கள், மூன்று இடத்தில் பிரதி இருக்கட்டும். எழுத்துப்படியில் "சரியா ஓர்மை இல்ல", "அப்படித்தான் நினைக்கேன்" என்பவற்றை அழகுக்காக வெட்டிவிடுவது இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய கேடு. தயக்கத்தை வெட்டியதும் சந்தேகம் உறுதியாக மாறி அச்சாகிவிடுகிறது.

தேதி விஷயத்தில் நம் மாவட்டத்துக்குச் சில சிறப்புகள் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால், வயதானவர்களின் ஜாதகமும் ஆதாரப் பத்திரங்களும் கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆண்டு தொடங்குவது ஆவணி ஒன்று. ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824, ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள தேதிக்கு 825 கூட்டினால் ஆங்கில வருடம் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் 825 கூட்டிவிட்டு ஒரு வருடம் தள்ளிப்போவது வழக்கமான பிழை. வருடம் நினைவில்லாதவரிடம் வருடத்தைக் கேட்காதீர்கள், அண்டை நிகழ்ச்சியைக் கேளுங்கள்: பாறையில் விவேகானந்தர் மண்டபம் திறந்த 1970க்கு முன்னா பின்னா, திருவனந்தபுரம் ரயில் ஓடத் தொடங்கிய 1979க்கு முன்னா பின்னா, வள்ளுவர் சிலை வந்த 2000 புத்தாண்டு, 2004 சுனாமி, 2017 ஒக்கி புயல். இதிலும் ஓர் ஆபத்து. பெரிய நிகழ்ச்சி சின்ன நிகழ்ச்சியைத் தன் பக்கம் இழுக்கும். இத்தாலியின் தெர்னி நகரில் லூய்ஜி திராஸ்துல்லி என்ற தொழிலாளி 1949 மார்ச்சில் நேட்டோ எதிர்ப்பு ஊர்வலத்தில் கொல்லப்பட்டார். பல வருடம் கழித்து அலெசாந்திரோ போர்தெல்லி கேட்டபோது, ஊர்க்காரர்கள் பலர் அவர் 1953இல், ஆலை ஆட்குறைப்புப் போராட்டத்தில் செத்ததாக நினைவுகூர்ந்தார்கள். தங்கள் பெரிய காயத்தோடு அந்தச் சாவைச் சேர்த்து வைத்துவிட்டார்கள். இங்கே சுனாமி அந்த வேலையைச் செய்யும். "சுனாமிக்குக் கொஞ்சம் முந்தி" என்பதை இரண்டு மூன்று வருடத் தளர்வோடு எழுதிக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் முதலில் தேட வேண்டியது இதழ்கள். கதை வெளியான இதழ் உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேளுங்கள், பழைய பருவ இதழ்கள் அங்கே நிறைய உண்டு. தேதியில்லாத கடிதம் கிடைத்தால் உறையை எறியாதீர்கள். தபால் முத்திரை மங்கியிருந்தாலும், முகவரியில் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. பின்கோடு இல்லாததை வைத்து முந்தியது என்று சொல்ல முடியாது, பலர் வருடக்கணக்கில் எழுதாமலே இருந்தார்கள். இதழிலிருந்து வந்த மணியார்டரின் கூப்பன் இருந்தால், அது மூன்று பேட்டிக்குச் சமம். கதையின் கையெழுத்துப் படி கிடைத்தால் தாளையும் மையையும் பாருங்கள். ஒரே இரவில் ஒரே பேனாவில் ஓடிய எழுத்துக்கும், ஒரு வாரம் திண்ணையில் விட்டுவிட்டு எழுதியதற்கும் வித்தியாசம் தெரியலாம். பிந்திய சுத்தப் படியாக இருந்தால் ஒன்றும் தெரியாது.

அச்சில் ஏற்றும்போது நால்வர் சொல்வதையும் கலந்து ஒரே கதையாக்காதீர்கள். ஒவ்வொன்றும் அவரவர் பெயரில், பேட்டி எடுத்த தேதியோடு, அவரவர் பேச்சு நடையில் வரட்டும். கீழே பதிப்பாசிரியர் குறிப்பில், காற்றாலை எப்போது வந்தது, பஸ் கழகம் எப்போது மாறியது, கதை எந்த இதழில் எந்த மாதம் வந்தது என்பதை மட்டும் போடுங்கள், தீர்ப்பு வேண்டாம். குறிப்பை அச்சுக்கு முன் அந்தப் பெரியவரிடமே படித்துக்காட்டுங்கள். மற்றவர் சொன்னதை மட்டும் காட்டாதீர்கள், காட்டினால் அதற்குப் பிறகு அவர் சொல்வது அவருடையதாக இருக்காது. இறந்தவர் சொன்னதாக வரும் எதையும், கடிதமோ ஒலிப்பதிவோ கையில் இருந்தாலொழிய, மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள். "இப்படிச் சொன்னதாக இவர் நினைவுகூர்கிறார்" என்பது போதும். ஃபார்னீஸ் கடிதத்தில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்தக் குழப்பமே வந்திருக்காது.

இவ்வளவு செய்தும் முப்பந்தல் இரவு நடந்ததா என்று தெரியாமலே போகலாம். எந்த முகபாவமும், எந்தக் கருவியும், எந்த நிபுணரும் ஒரு தனி நினைவைப் பார்த்து இது அசல், இது பின்னால் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வெளிச் சான்று கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கிடைக்காத பட்சத்தில் அந்த இடத்தில் "சான்று கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். மூவரில் வயதில் மூத்தவர் யாரோ, இந்த வாரமே அவரிடம் முதலில் போங்கள். மனைவியிடம் அதே வாரத்தில், ஒரு பெண் துணையோடு, தனியாக. அவர் வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால், பேட்டி முடிகிற வரை அதைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். பிறகு திறக்கும்போது உள்ளே எது எதன் மேல் கிடந்தது என்பதைக் கலைக்காமல் முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.